ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மெதுவான கியர்

(சிங்கப்பூர், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லோரி ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும் தோட்டத்து விருந்தினரும் கூடியிருந்த கூட்டத்தில், அனுபவம் வாய்ந்த ஓர் ஓட்டுநர் ஆற்றிய உரை. தோட்டங்களில் பிக்கப் வண்டி ஓட்டுவோருக்கும், அதில் ஏறிச் செல்வோருக்கும், வண்டிப் புத்தகம் எழுதும் கிராணிமார்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியில் ‘லோ’ என்று சொல்லப்படும் மெதுவான கியரை எப்போது போடுவது, எப்போது போடக்கூடாது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இந்தத் தீவில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். சடக்குகளோ எல்லாம் தார் போட்டவை. இங்கே மெதுவான கியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

வேலை இருக்கிறது, தோழர்களே. தார்ச் சடக்கை விட்டுக் கட்டட வேலைத்தளத்துக்குள் நுழைந்தால் செம்மண். ஒரு மணி நேரம் மழை அடித்தால் அது சேறு. அடித்தளம் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கும் மண்சரிவு, பல மலைக்காட்டுச் சரிவுகளைவிடச் செங்குத்தானது. கடற்பாலத்துக்கு அப்பால் ஜொகூர் தோட்டங்களில் என்ன நிலை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால் ஸ்டோருக்குப் போகும் மண்பாதையில், மழை பெய்த மறுநாள் காலை, பின்னால் எட்டுப் பேரையும் பால் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஓட்டுநரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது அந்த ஓட்டுநருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் தெரியும்.

ஆகையால் இது ஓட்டுநருக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. வண்டியில் ஏறுகிறவன் உயிரும் அந்தச் சிறிய குமிழில் இருக்கிறது.

குதிரையும் எருமையும்

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தை நாம் தேக்கா என்கிறோம். மலாய்க்காரர்கள் கண்டாங் கெர்பாவ் என்றார்கள். அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் பலகையில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இங்கே மாட்டு வியாபாரமும் மாட்டு வண்டித் தொழிலும் நடந்தன. நம்மவர் பலர் அதில்தான் பிழைத்தார்கள். சற்றே நடந்தால் ரேஸ் கோர்ஸ் சாலை வருகிறது. 1933-ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு மாற்றப்படும் வரை குதிரைப் பந்தயத் திடல் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு பக்கம் பந்தயக் குதிரை, மறுபக்கம் பாரம் இழுக்கும் எருமை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பிராணிகளும் போதும். ஒரே இயந்திரம்தான் உள்ளே இருக்கிறது. ‘ஹை’ என்ற நிலையில் அது குதிரை. வேகமாக ஓடும், ஆனால் பெரும் பாரத்தைச் சேற்றிலிருந்து இழுக்கத் திணறும். ‘லோ’ என்ற நிலையில் அதுவே எருமை. நடைதான், ஆனால் இழுவை பெரிது. குதிரையை ஏரில் பூட்டுவதும் தவறு, எருமையைப் பந்தயத்தில் விடுவதும் தவறு. ஓட்டுநருக்கு வேண்டிய முதல் அறிவு இதுதான்.

இழுவை எங்கிருந்து வருகிறது? சைக்கிளில் போகிறவர்களுக்கு இது தெரியும். பெரிய பல்சக்கரம் பின்னால் இருந்தால் மிதிப்பது சுலபம், ஆனால் தூரம் போகாது. தோட்டத்தில் சிறிய மோட்டார் சைக்கிளில் பால் வாளி கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது முதல் கியருக்கு இறங்குகிறீர்கள் அல்லவா? அதே விதி. நான்கு சக்கர வண்டியில் வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இயந்திரத்தின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து அனுப்புகிறது. மற்றொன்று, வேண்டும்போது எல்லாக் கியர்களையும் ஒரே அடியாக இன்னும் மெதுவாக்குகிறது. மெதுவாவது எத்தனை மடங்கோ, இழுவை கூடுவதும் ஏறக்குறைய அத்தனை மடங்கு.

கிராணிமார்களுக்கு ஒரு கணக்கு

கிராணிமார்கள் இங்கே சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. இன்றைய பிக்கப் வண்டிகளின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

அந்த ஜீப்பில் முதல் கியரின் விகிதம் 2.665. அச்சில் இருக்கும் பல்சக்கர விகிதம் 4.88. இரண்டையும் பெருக்கினால் 13. அதாவது இயந்திரம் 13 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ‘லோ’ போட்டால் 1.97 என்ற விகிதம் இடையில் சேர்கிறது. 13-ஐ 1.97-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 25 1/2. இப்போது இயந்திரம் இருபத்தைந்தரை முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று.

சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2 1/4 மீட்டர் உருளும். இயந்திரம் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். ‘ஹை’யில் முதல் கியரில் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். ‘லோ’வில் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மனிதன் நடக்கிற வேகம்! ஆனால் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய இரண்டு பங்கு.

இன்று தோட்டங்களிலும் வேலைத்தளங்களிலும் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா போன்ற வண்டிகளில் இந்த ‘லோ’ விகிதம் சுமார் இரண்டரை. அதாவது ‘ஹை’யில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கியரில், ‘லோ’ போட்டால் 4 கிலோமீட்டர்தான். இழுவையோ இரண்டரைப் பங்கு. வண்டிக்குப் புதிதாகக் குதிரைச் சக்தி வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குகிறோம். இது கொடுத்து வாங்கும் வியாபாரம், இனாம் அல்ல.

குமிழை மாற்றும் முறை

1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வண்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் துரைமார்கள் ஓட்டிய வண்டி என்று பெரியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். அந்தப் பழைய வண்டிகளில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் ‘ஹை’யில் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் ‘லோ’.

இப்போதைய வண்டிகளில் அநேகமாக ஒரு திருகு குமிழ்தான். அதில் ஆங்கில எழுத்தில் 2எச், 4எச், 4எல் என்று போட்டிருக்கும். 2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும், சாதாரண வேகம். 4எச் என்றால் நான்கு சக்கரம், சாதாரண வேகம். 4எல் என்றால் நான்கு சக்கரம், மெதுவான கியர்.

2எச்-சிலிருந்து 4எச்-சுக்கு அநேக வண்டிகளில் ஓடும்போதே மாற்றலாம். 4எல்-லுக்கு அப்படி மாற்றக்கூடாது. முறை இது:

முதலில் வண்டியை முழுவதும் நிறுத்துங்கள். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள். கை கியர் வண்டியானால் கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வாருங்கள், ஆட்டோமேட்டிக்கானாலும் நியூட்ரல்தான். பிறகு குமிழை 4எல்-லுக்குத் திருப்புங்கள். முன்பலகையில் விளக்கு மினுக்கும். மினுக்குவது நின்று நிலையாக எரிந்தால்தான் பல் சரியாக விழுந்தது என்று பொருள். அதுவரை அவசரப்படாதீர்கள்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, நன்றாகக் கேளுங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது சின்னப் பெட்டியில் பல் எதிலும் பிடிக்காமல் நடுவில் நிற்கலாம். அந்த நேரத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி ‘பார்க்’கில் இருந்தாலும் உருளக்கூடும். மேட்டில் நின்றுகொண்டு, கைப்பிரேக்கும் போடாமல், குமிழைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்குகிறவன் தன் வண்டிக்கு அடியிலேயே போய்விடுவான். ஆகையால் சரிவுக்கு வருமுன்பே, சமமான தரையில் மாற்றிக்கொள்வதுதான் புத்தி. எந்த வண்டிக்கு எந்த முறை என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் துரையின் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில் யாராவது படித்துச் சொல்லவும் வேண்டும்.

தார்ச் சடக்கில் ஏன் கூடாது?

சிங்கப்பூர் ஓட்டுநர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காய்ந்த தார்ச் சடக்கிலும் சிமெண்டுத் தரையிலும் 4எல்-லும் கூடாது, பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் 4எச்-சும் கூடாது.

காரணம் சொல்கிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது. பின் சக்கரங்கள் போகும் வட்டம் சிறிது. ஈரமண்ணில் நடந்து பாருங்கள், சக்கரத்தின் தடம் தனித்தனியாகத் தெரியும். ஆகையால் முன் சக்கரங்கள் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இருக்கும் இந்த வேறுபாட்டை டிபரன்ஷியல் சரிசெய்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்ஷியல் கிடையாது. 4எச் அல்லது 4எல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே அளவுதான் சுற்ற முடியும்.

சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அப்போது முறுக்கம் முழுவதும் ஷாப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறிக்கொண்டே போகிறது, துணியைப் பிழிவதுபோல. ஸ்டியரிங் கனக்கும், வண்டி விட்டுவிட்டுக் குதிக்கும், டயர் தேயும், கடைசியில் குமிழைத் திருப்பினாலும் 2எச்-சுக்கு வராது. அப்படி மாட்டிக்கொண்டால் அடித்து இழுக்காதீர்கள். சில மீட்டர் நேராகப் பின்னுக்குப் போங்கள். முறுக்கம் அவிழும், பல்லும் விடுபடும். சில டிரைட்டன் வண்டிகள்போல நடுவிலும் டிபரன்ஷியல் உள்ள வண்டிகளில் அதற்கென்று தனி நிலை உண்டு. அதில் தார்ச் சடக்கிலும் நான்கு சக்கரம் போடலாம். உங்கள் வண்டி எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வேலைத்தளத்தை விட்டு வண்டி வெளியே வருமுன் சக்கரத்தைக் கழுவ வேண்டும். சடக்கில் மண் விழக்கூடாது என்பது விதி. வாசலில் கழுவும் இடம் இருக்கிறது. நான் புதிய ஓட்டுநர்களுக்குச் சொல்லும் பாடம் இதுதான்: சக்கரம் கழுவும் இடத்தில் குமிழையும் 2எச்-சுக்குத் திருப்பு. உள்ளே நுழையும்போது அதே இடத்தில் யோசி. தோட்டத்தில் இருப்பவர்கள் மண்பாதை தாரில் சேரும் முனையை இதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஏறும்போது

மேட்டில் ஏறுமுன் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். மழைநீர் எங்கே அரித்திருக்கிறது, வேர் எங்கே நிற்கிறது, உச்சிக்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு 4எல் போட்டு, ஏறி முடிக்கிற வரை மாற்றத் தேவையில்லாத கியரைத் தேர்ந்தெடுங்கள். நடுமேட்டில் கிளட்சை அழுத்திக் கியர் மாற்றுகிறவன், வண்டியின் பிடியைத் தானே அறுத்துவிடுகிறான்.

கெட்டித் தரையானால் முதல் கியர். வழுக்கும் சேறானால் பெரும்பாலும் ‘லோ’வில் இரண்டாம் கியர் நல்லது. ஏனென்றால் முதல் கியரில் இழுவை அளவுக்கு மீறி வந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். சுழல்கிற சக்கரம் ஏறாது. புகை வந்தால் வீரம் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வண்டி ஏற முடியாமல் நின்றுவிட்டால் திரும்ப முயலாதீர்கள். சரிவில் குறுக்காக நிற்கும் வண்டி உருண்டு போகும். பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ‘லோ’விலேயே ரிவர்ஸ் கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். கிளட்சை அழுத்திக்கொண்டோ நியூட்ரலிலோ உருள விடவே கூடாது.

இறங்கும்போது

ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும்; இறக்கத்தில் மனிதர் போவார்கள். ஆகையால் ‘லோ’ கியரின் பெரிய உபகாரம் இறக்கத்தில்தான் இருக்கிறது என்பேன்.

பாரத்தோடு 3 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். புக்கிட் தீமா உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அந்த இறக்கத்தை முழுவதும் பிரேக்காலேயே பிடித்தால், பிரேக்கில் பிறக்கும் சூடு சுமார் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு சூடும் கைப்பிடி அளவான பிரேக்குக் கட்டைகளில்! சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் உள்ளே ஆவியாகி, கால் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

‘லோ’வில் முதல் கியரைப் போட்டு, காலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் பிடியும் நான்கிலும் இருக்கிறது. பிரேக்கை இலேசாகத் தொட்டால் போதும். நேராக இறங்குங்கள், குறுக்காக வேண்டாம். வழுவழுப்பான களிமண்ணில் சக்கரம் சுற்றாமல் சறுக்க ஆரம்பித்தால், பிரேக்கை இன்னும் மிதிக்கத்தான் கால் துடிக்கும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: பிரேக்கை விட்டு, எண்ணெய்ப் பெடலை இலேசாகத் தொட்டு, சக்கரத்தைத் திரும்பச் சுற்ற வையுங்கள். சுற்றுகிற சக்கரம்தான் சொன்ன பக்கம் திரும்பும்.

எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் உண்டு. சில காசு மிச்சம் பிடித்து உயிரை அடகு வைக்கும் வேலை அது.

பால் தொட்டி ஏற்றும் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. 1,000 லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு டன். தொட்டி நிறைந்திருந்தால் அது அசையாது. பாதி நிறைந்திருந்தால் இறக்கத்தில் முன்னுக்கும் வளைவில் பக்கத்துக்கும் பாய்ந்து வண்டியைத் தள்ளும். பாதித் தொட்டியோடு வரும்போதுதான் இன்னும் மெதுவாக வர வேண்டும்.

சேற்றில் புதைந்தால்

‘லோ’ கியர் மந்திரம் அல்ல. வண்டியின் வயிறு மண்ணில் படிந்துவிட்டால் எந்தக் கியரும் உதவாது. மண்ணை வெட்டி எடுங்கள். சக்கரத்துக்கு அடியில் கிளைகளையும் பலகைகளையும் போடுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடி கூடும், ஆனால் தார்ச் சடக்குக்குப் போகுமுன் திரும்ப நிரப்பியாக வேண்டும். கயிறு கட்டி இழுக்கும்போது, கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். அறுந்த கயிறு சாட்டைபோல் வரும். தாய்மார்களையும் பிள்ளைகளையும் பின்னால் நின்று தள்ளச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பின்னால் இருப்பது மூட்டை அல்ல

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 20-ஆம் நாள் சிங்கப்பூரில் தீவு விரைவுச்சாலையில், தொழிலாளர்களைப் பின்னால் ஏற்றிச் சென்ற லோரி ஒன்று நின்றிருந்த டிப்பர் லோரியில் மோதியது. இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தத் தேக்காவில் கூடும் நம் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் லோரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். சில நிபந்தனைகளோடு சட்டம் அதை அனுமதிக்கிறது. அது கியரால் வந்த விபத்து அல்ல. ஆனால் ஒரு பாடம் பொதுவானது. மோதினாலும் புரண்டாலும், உள்ளே இருப்பவனைப் பெல்ட் பிடிக்கிறது. பின்னால் இருப்பவனைப் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆகையால் நான் சொல்வது இது: குமிழை 4எல்-லுக்குத் திருப்ப வேண்டிய அளவுக்குச் சரிவு செங்குத்தாக இருந்தால், பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டிய சரிவு அது. வண்டியே நடை வேகத்தில்தான் போகப் போகிறது. இறங்கி நடந்தால் எவ்வளவு நேரம் போய்விடும்? ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பிரட்டுக்களத்தில் யாருக்கும் அரைநாள் போடக்கூடாது. இதைக் கேட்க ஓட்டுநர் தனியாகப் போனால், பயந்தவன் என்பார்கள். வெட்டுக்காரர்கள், ஓட்டுநர், கிராணியார் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது நியாயமான வேலை முறையாகிவிடும்.

வண்டிப் புத்தகத்தின் மதிப்பு

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பிக்கப் வண்டிக்கு முன்னால் இரண்டு புது டயர். பின்னால் இரண்டு தேய்ந்த டயர், அளவும் வேறு. தேய்ந்த சிறிய சக்கரம் ஒரே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். நான்கு சக்கரமும் பூட்டப்பட்டால், நேரான பாதையில்கூட முறுக்கம் ஏறும். சில மாதத்தில் சின்னப் பெட்டி உடைந்தது. ஓட்டத் தெரியாதவன் என்று சொல்லி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஆனால் அந்த ஓட்டுநர் தினந்தோறும் வண்டிப் புத்தகத்தில் “டயர் சமமில்லை, மாற்ற வேண்டும்” என்று எழுதி வந்திருந்தார். கிராணியார் அதைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்ததும் பேச்சு அடங்கியது. பிடித்த பணம் திரும்பி வந்தது. நான்கு டயரும் மாறின.

கிராணிமார்களே, உங்கள் பேனாவுக்கு இருக்கும் பலம் அதுதான். நான்கு டயரும் ஒரே அளவா, பிரேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, சின்னப் பெட்டியின் எண்ணெய் எப்போது பார்க்கப்பட்டது, 4எல் சரியாக விழுகிறதா என்று எழுதிவையுங்கள். தோட்டத்து வண்டி நீண்ட நாள் 4எல்-லைத் தொடாமலே இருந்தால், மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டுச் சில மீட்டர் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்படும் நாளில் இறுகிப்போய் நிற்கும் குமிழ், இல்லாத குமிழுக்குச் சமம்.

முடிவுரை

தோழர்களே, 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. 1888-இல் அந்தப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து தோட்டங்கள் பெருகின; நம் பாட்டனாரும் பாட்டியாரும் அந்த நிரைகளில் வெட்டினார்கள். இன்று இந்தத் தீவில் நீ சூன், செம்பாவாங் பக்கத்துத் தோட்டங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. ஆனால் உலகத்து மோட்டார் வண்டிகளின் டயரில் இன்னமும் மரத்துப் பால் இருக்கிறது. சேற்றைப் பிடித்து ஏறும் ஒவ்வொரு சக்கரத்திலும் வெட்டுக்காரன் உழைப்பு இருக்கிறது. அவன் எடுத்த பாலால் ஆன சக்கரம், அவனையே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று கேட்பது அதிகமல்ல.

நான் சொன்னதில் நான்கை மட்டும் பிரட்டுக்களப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

ஒன்று: சரிவுக்கு முன், சமதரையில், நின்ற பிறகே 4எல்.

இரண்டு: இறக்கத்தில் இயந்திரமே பிரேக், கிளட்சும் வேண்டாம், நியூட்ரலும் வேண்டாம்.

மூன்று: தார் வந்ததும் 2எச்.

நான்கு: 4எல் போடும் சரிவில் பின்னால் ஆள் கூடாது.

இந்த நான்குக்கும் ஒரு காசு செலவில்லை. கொஞ்சம் பொறுமைதான் செலவு. எருமையின் நடையில் போனாலும் எல்லோரும் போய்ச் சேருவோம்.